முழுக் குரலில் பாடச் சொன்னேன்

அன்று ஒத்திகையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனியக்காரர், தெலுங்கு நாடகக் கம்பெனிகளில் தலை நரைத்தவர். தபலா வாசிப்பவர், மல்லாபூர் ஃபேக்டரியில் என் பக்கத்து லேத்தில் நின்றவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். அவர்தான் இந்த நாடகத்தைக் கிளப்பியவர். ஊர்த் தலைவராக நடித்த பேங்க் மேனேஜர். தாய் வேஷம் போட்ட கேன்டீன்கார அம்மா. பிறகு நான். யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. சிகந்திராபாத்தில் பிறந்தேன். லேத் வேலை பார்த்தபோது ஃபேக்டரிச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். போட்டேன். அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேலையை விட்டேன். தெலுங்குப் பத்ய நாடகத்துக்குப் போனேன். அதில் பேச்சு குறைவு, பாட்டுதான். ராஜா செத்து விழுந்த பிறகும் ஜனம் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால் எழுந்து இன்னொரு தடவை பாடிவிட்டுச் சாவார். எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று இரண்டு சாவுக்கும் நான் இடம் சொல்லி வைப்பேன். அதிலும் நிற்கவில்லை. சினிமாவுக்குப் போனேன். பதினோரு வருஷம் கூட்டக் காட்சிகளை நடத்தும் துணை டைரக்டர். மேடை நினைப்பு வந்தால் சினிமாவில் கால் தரிக்காது. மேடைக்கு வந்தால் சினிமா நினைப்பு.

அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் டைரக்ட் செய்யக் கூப்பிட்டார். வேலை விஷயமாக வெளிநாடு போனபோது ஒரு பாட்டு நாடகம் பார்த்தாராம்.

"பேச்சே கிடையாதுங்க சார். புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டாக்கூடப் பாட்டுதானுங்க."

"எங்க வீட்லயும் அதேதான், பாட்டு மட்டும் இல்ல" என்றார் பேங்க் மேனேஜர்.

அப்படி ஒன்றைத் தமிழில் போட வேண்டும் என்றார்கள். ஏரி உடைகிற ஒரு ஊர். வெள்ளத்தில் மகளைத் தேடும் தாய். கடைசிப் பாட்டில் அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே மேலே மேலே போக வேண்டும். ஹார்மோனியக்காரர்தான் அந்த அம்மாவை அழைத்து வந்தார். குஷாய்குடாவில், ஃபேக்டரி கேன்டீனில் வேலை. ஐம்பத்து நான்கு வயது. அதுவரை மேடையில் முன்னால் நின்றதில்லை. பாடத் தெரியாத நடிகைகள் வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொடுத்தவர். இதுதான் முதல் வேஷம். முதல் நாளே என்னிடம், "இதுல நான் தெரிவேன்தானேண்ணா?" என்று கேட்டார். தெரிவீர்கள் என்றேன்.

ஒத்திகை கொண்டாப்பூரில், ஒரு அபார்ட்மென்ட் ஹாலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசிப் பாட்டை அம்மா பாதிக் குரலில் பாடினார். மேடைப் பாட்டுக்காரர்கள் அப்படித்தான். ஒத்திகையில் குரலைத் திறக்க மாட்டார்கள், மேடைக்கு வைத்துக்கொள்வார்கள். எனக்கு இது தெரியும். ஆனால் பதினோரு வருஷம் கேமரா பக்கத்தில் நின்றவனுக்குப் பாதி என்பது பிடிபடாது. அங்கே ஒவ்வொரு தடவையும் நிஜம்.

"முழுசாப் பாடுங்கம்மா."

"மேடையில பாடறேன்ணா. இப்ப கைக்கு?" 'எதற்கு' என்பதை இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்.

"நான் பார்க்கணும்மா."

திறந்து பாடினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோயம்புத்தூர்க்காரர் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தார், பிறகு ஒரு தடவையையும் விடவில்லை. ஆனால் அம்மா இடது பக்கம் திரும்பியது தாமதம். இன்னொரு தடவை என்றேன். அடுத்த தடவை கை சீக்கிரம் இறங்கியது. அடுத்த தடவை பேங்க் மேனேஜர் மறைத்துக்கொண்டு நின்றார். அடுத்த தடவை சேலைத் தலைப்பு சரிந்தது. நான் ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றேன். ஹார்மோனியக்காரர் துருத்தியை மெதுவாக்கி என்னைப் பார்த்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு தடவை மேலே ஏறும் இடத்தில் காற்று மட்டும் வந்தது. அம்மா சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினார்.

தொண்டை நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பாடுவது பிறகு பார்க்கலாம். நாடகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"பதிவு எல்லாம் இருக்குதுங்க சார். நல்லதா ஒண்ணு எடுத்து ஸ்பீக்கர்ல விட்டுடலாம். அக்கா வாயசைச்சாப் போதுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். பதிவுகளை என் போனுக்கு அனுப்பினார். சினிமாவில் அப்படித்தானே, சரி என்றேன். அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

"நக்கோ", வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்து இன்னொன்று. "மத்தவங்க வாய்க்கு நான் பாடினது போதும்ணா. என் வாய்க்கும் நானே பின்னாடி நிக்கணுமா? வேற ஆளைப் போடுங்க. நான் இல்லாட்டி ஏரி உடையாம இருந்துடப் போகுதா?"

ஒரு பாட்டு டீச்சர் வந்து பாடினார். குறை இல்லை. நாடகம் நடக்கும்போது நான் உள்ளே உட்காருவதில்லை, வழக்கம்போல் ஹாலை வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். கை தட்டியது சுவர் வழியாகக் கேட்டது. ஹார்மோனியக்காரரிடம், அன்று ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நுவ்வு டைரக்டரு. நான் பெட்டிக்காரன்" என்றார்.

மூன்று வாரம் கழித்து குஷாய்குடாவுக்குப் பஸ் ஏறினேன். வழியில் அந்தப் பதிவுகளைக் கேட்டேன். போனில் கால் தெரியாது, கை தெரியாது, சேலைத் தலைப்பு தெரியாது. குரல் மட்டும்தான். முதல் பதிவில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றிலும் அந்த மேல் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அம்மா டீ கொடுத்தார். பேசினார், தணிந்த குரலில். மேலே போகவில்லை. பாடும் குரல் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"முதல் தடவையே சரியா இருந்துச்சும்மா" என்றேன்.

"ஹவ்ணா, ஆமா. எனக்குத் தெரியும்."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே."

"நல்லாச் சொன்னீங்க. முதல் வேஷம். நான் நிறுத்தினா அடுத்ததுக்குக் கூப்பிடுவீங்களா?"

நான் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"உக்காருங்கண்ணா, தலை சுத்துது. நான் ஆறு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன். மொத்தம் எத்தனை தடவை?"

போனை எடுத்துப் பார்த்தேன்.

பதினேழு.