சாராளுக்கு வைத்த கெடு

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, தேவகிருபை ஸ்ரீவில்லிபுத்தூரில் தான் குடியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு சாக்கு கிடந்தது. மூச்சு விடுவதற்காகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் குத்திய சாக்கு. யார் மூச்சு விட என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரி நாச்சியார் பூத்தொடுத்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை சீனிச்சாமி கூமாப்பட்டியில இருந்து தேங்கா கொண்டு வருதான். திரும்பிப் போகையில ஒன் பூனைய வாங்கிட்டுப் போயித் தோப்புல விட்டுருவான்.”

“அக்கா, செத்தப் பொறுங்க…”

“எத்தன மாசம் பொறுக்க? கோயிலுக்குப் பூக்கட்டுத எடத்துல துளசி வாசமா வருது? ஒன் சாராள் மூத்திர வாசம்லா வருது. பெருமாள் கேட்டா நான் என்ன சொல்ல?”

“என்னையக் கைகாட்டுங்க. ஒங்க சாமிகிட்டயும் நானே பேசிக்கிடுதேன்.”

“பேசுவ, பேசுவ. வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

தேவகிருபை சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். கணவன் ஜோ இறந்து மூன்று வருடங்கள். பூட்டைத் திறக்கும்போது உள்ளே எந்தச் சத்தமும் இல்லாதிருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்பதை அவள் அந்த மூன்று வருடங்களில் அறிந்திருந்தாள். மில்லில் கழிவுப் பஞ்சைக் குவித்து வைக்கும் கிட்டங்கியைக் கூட்டும் வேலை அவளுக்கு. நாலு மாதத்துக்கு முன், அங்கேயே பிறந்து வளர்ந்த பூனை ஒன்று அவள் காலைச் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. தூக்கி வந்து சாராள் என்று பெயரிட்டாள். அன்று முதல் சாவி திரும்பும் முன்பே கதவுக்கு உள்ளிருந்து ஒரு குரல் வரும்.

ஆனால் அந்தப் பாவி மகள் மூத்திரம் போவது எங்கே? ஜோ மில்லில் வாங்கிய கழிவுப் பஞ்சை அடைத்துத் தன் கையால் தைத்த மெத்தையில். அவன் தலை வைத்த அதே இடத்தில். நீல ட்ரேயில் ஆற்று மணல் கொட்டி வைத்தாள். ஒரு சொட்டு அதில் விழவில்லை. நாளுக்கு மூன்று தடவை ட்ரேயைப் பினாயில் விட்டுக் கழுவினாள். பூனை அந்தத் திசையையே வெறுத்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார், சோதித்தும் பார்த்தார்.

“கல்லும் இல்ல, கிருமியும் இல்ல. மொதல்ல பினாயில நிறுத்துங்கம்மா, அந்த வாடைக்கே வராது. ஒங்க மேல உள்ள கோவத்துல போகல. அதுக்குப் பழக்கமான மாதிரி ஒண்ணத் தேடிப் போகுது.”

பழக்கமானது என்றால் எது? அதே யோசனையோடு வியாழக்கிழமை கிட்டங்கியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாராளின் தாய்ப் பூனை கழிவுப் பஞ்சுக் குவியலில் ஏறியது. முன்னங்காலால் பறித்தது. உட்கார்ந்தது. பஞ்சை இழுத்து மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கிப் போனது.

தேவகிருபையின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. சாராள் ஜோவை அவமதிக்கவில்லை. பிறந்தது முதல் தாய் காட்டிக்கொடுத்த ஒரே கக்கூஸ் பஞ்சுதான். அந்த வீட்டில் பஞ்சு இருந்தது மெத்தையில் மட்டும்தான். இந்தப் பிள்ளையையா மூக்கைப் பிடித்து மணலில் தேய்த்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி பால்சாமியிடம் ஓடினாள். “அண்ணாச்சி, கூட்டுன பஞ்சுல ஒரு பை வேணும்.”

“தலகாணிக்கா?”

“பூனைக்குக் கக்கூஸு கட்ட.”

பால்சாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கேட் பாஸ்ல காரணம் எழுதணுமே தாயி.”

“உள்ளத எழுதுங்க.”

எழுதினார். வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவதாக அவள் முகத்தைப் படித்தான். அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

வீட்டில் ட்ரேயை வெறும் தண்ணீரில் கழுவினாள். கொஞ்சம் மணல், மேலே பஞ்சு. சாராள் வந்தது, மோந்தது, விலகிப் போனது. தேவகிருபைக்கு உயிரே போனது. பூனை ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்தது. பஞ்சைப் பறித்தது. உட்கார்ந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். மோட்சமே கிடைத்தாலும் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

பிறகு மெத்தையைப் பிரித்தாள். நனைந்த பஞ்சைக் களைந்துவிட்டு, உறையை வினிகர் தண்ணீரில் அலசி, மிச்சப் பஞ்சை வெள்ளி, சனி இரண்டு நாளும் வெயிலில் காயவைத்துத் தைத்தாள். அந்த இரண்டு நாளும் ட்ரேக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாச்சியார் ஒரு கையில் சாக்கும் மறு கையில் மூக்கை மூடிய முந்தானையுமாக உள்ளே வந்தாள். பின்னால் சீனிச்சாமி. நாலு மூலையிலும் நின்று பார்த்தவள் முந்தானையை மெல்ல இறக்கினாள். குனிந்து மெத்தையை மோந்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எப்படிட்டி?”

பதிலைச் சாராளே சொன்னது. மூன்று பேர் பார்க்க, ராணி மாதிரி நடந்து போய், ட்ரேயில் ஏறிப் பஞ்சைப் பறித்து, தன் காரியத்தை முடித்து, மூடிவிட்டு இறங்கியது.

“வெக்கங்கெட்ட கழுத” என்றாள் நாச்சியார். குரலில் கோபம் இல்லை.

“அப்பம் பூனையக் குடுங்க, வண்டி நிக்கி” என்றான் சீனிச்சாமி.

“எந்தப் பூனையலே? தேங்காய எறக்கிட்டியா? போ.”

அவன் போனதும் சாக்கைத் தேவகிருபையிடம் நீட்டினாள். “இனிமே பஞ்ச இதுல கொண்டா.”

“ஓட்டையா இருக்கே அக்கா. வழியெல்லாம் கொட்டுமே.”

நாச்சியார் சாக்கைத் திருப்பிப் பார்த்தாள். “நான்தான குத்துனேன்? கோணி ஊசி இருந்தா எடு. நானே தச்சுத் தாரேன்.”

ஜோவின் மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் ஓட்டைகளை ஒவ்வொன்றாக மூடினாள். நாலாவது ஓட்டையில் சாராள் வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. அவள் தள்ளிவிடவில்லை.