விளையாடாமல் நின்றவர்

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் பழைய வீடியோ கேம் மெஷின்கள் வைத்துக் கடை நடத்துகிறேன். கட்டடச் சொந்தக்காரனுக்கு என்னைக் கிளப்பிவிட்டு அங்கே சாப்பாட்டுக்கடை போட ஆசை. ஆள் வராத கடைக்கு இனி லீஸ் இல்லை என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்த நேரத்தில்தான் அந்த ஜப்பானியக் கிழவர் வரத் தொடங்கினார்.

ஒருநாளும் விளையாட மாட்டார். விமானச் சண்டை மெஷினில் யாராவது விளையாடினால், கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் போய் நிற்பார். திரையைப் பார்க்காமல் விளையாடுகிறவனின் கையையே பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உந்தக் கிழவன் ஆக்களை எண்ணத்தான் வாறான். சொந்தக்காரன்ரை ஆள்," என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கு ஆரைக் கண்டாலும் சந்தேகம்தான் என்று அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடமே கேட்டேன். அந்த விளையாட்டை எழுதியது தான்தான் என்றார். அந்தக் காலத்தில் கம்பனிக்காரர் புது விளையாட்டைக் கடைகளில் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, எழுதியவனையே பின்னால் நிற்க அனுப்புவார்களாம். எந்த இடத்தில் ஆள் வெறுத்துப்போய்க் கையை எடுக்கிறான் என்று பார்த்துத் திருத்த வேண்டும். எழுதியவனை வேறு கம்பனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் விளையாட்டில் பெயர் போட மாட்டார்கள். வீட்டிலும் வாய் திறக்கக் கூடாது.

நல்ல கதை என்று நினைத்தேன். பெயரும் இல்லை, அத்தாட்சியும் இல்லை. அப்படியென்றால் நான்தான் எழுதினேன் என்று நானும் சொல்லலாமே.

அடுத்த கிழமை அவரைக் கூட்டிப்போக பக்கத்து ஊரான யூனியன்வில்லில் இருந்து மகள் வந்தாள். அப்பா இங்கே என்ன செய்கிறார் என்று என்னை ஒதுக்கமாகக் கேட்டாள். பாதி நக்கலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தாள்.

அவள் வந்தது கிழவருக்குத் தெரியாது. ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். கிழவர் ஜப்பானிய மொழியில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது. மறுகணம் அவன் கையை எடுத்துவிட்டு எழுந்து போனான்.

என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டேன்.

"'இப்போது விடுவான்' என்றார்."

தன் சின்ன வயதில் அப்பா இரவில் வீட்டுக்கே வரமாட்டார் என்றாள். அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று அம்மா நினைத்தாளாம்.

"வேலையை விட்ட பிறகுதான், 'அந்த இரவெல்லாம் கேம் கடைகளில் நின்றேன்' என்று சொன்னார். அம்மா நம்பாமலேயே செத்துப்போனாள். நானும் இன்றுவரை நம்பாமல்தான் இருந்தேன்."