ஒற்றைக் காலில் மூன்று பாங்கு

தேங்காயெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரின் வாசம்...
நேற்று சபீக்கின் வீடியோ ஒன்று பேஸ்புக்கில் வந்தபோது, அதுதான் முதலில் மூக்கில் ஏறியது.

ஏதோ ஒரு குளிர்நாட்டு மேடை. சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. கீழே கொமெண்டில் "ஊமை நாடக மன்னன்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் அறிந்த சபீக், கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் என்னோடு துணி கிழித்தவன்.

முதலாளி லுஹர் தொழப் போனால் போதும். இல்லாத சீத்தைத் துணியை எடுத்து, இல்லாத கோலால் அளந்து என் பக்கம் நீட்டுவான். நான் இல்லாத கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். கோணலாக வெட்டிவிட்டேன் என்று முகத்தைச் சுளிப்பான் பாருங்கள்... துணி வாங்க வந்தவர்களே சிரித்துவிடுவார்கள்.

அவனுடைய வாப்பா எங்கள் தெருப் பள்ளிவாசலில் மோதினார். ஐந்து நேரமும் பாங்கு சொல்கிற மனுசன். மகனின் இந்தக் கூத்து அவருக்குத் துளியும் பிடிக்காது.

"பவுடரப் பூசிட்டு நீ ஸ்டேஜில ஏறிடுவாய். நான் எந்த மூஞ்சியோட மனே பள்ளிக்குப் போற?"

அந்த நேரத்தில்தான் கொழும்பு நாடகக் குழு ஒன்று ஆள் தேடி எங்கள் பக்கம் வந்தது. பாடசாலை மண்டபத்தில் சபீக் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் கூட்டிப் போவார்கள். ஆனால் வாப்பா ஓம் என்று சொல்லாமல் அவன் ஊர் எல்லை தாண்டமாட்டான். அப்படி ஒரு பிள்ளை.

பள்ளிவாசல் காரியம் பார்க்கும் மரைக்கார்மாரும் கூடிப் பேசினார்கள். பாட்டு, ஆட்டம் என்றால் உடனே மறுத்திருப்பார்கள். இது அவர்களுக்கும் புதுச் சாமான்.

"பாட்டும் இல்லயாம், மேளமும் இல்லயாம், வாயால ஒரு சொல்லும் இல்லயாம். மறுகா நாம எதத்தான் தடுக்கிற?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் அதோடு கலைந்தது. வாப்பா மட்டும் ஓம் சொல்லாமல் எழுந்து பாங்கு சொல்லப் போனார்.

அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. சபீக் கரைவலை இழுத்தான். கயிறும் இல்லை, கடலும் இல்லை. பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த மீன்காரர்கள்கூட வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி, கயிற்றை இறுக்கிப் பிடித்த அந்த நேரம்... அஸர் பாங்கு.
அவன் வாப்பாவின் குரல்.

வேறு விழா என்றால் மைக்கை நிறுத்திவிட்டு எல்லோரும் ஆறுதலாக உட்கார்ந்திருப்போம். இங்கே நிறுத்த எதுவுமே இல்லை. சபீக் தன்னையே நிறுத்தினான். சாய்ந்தது சாய்ந்தபடி, தூக்கிய கால் தூக்கியபடி. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள்.

பாங்கு முடிந்தது. பின்வரிசையில் ஒருவர், "இனி இழு மனே!" என்றார்.

அதற்குள் அடுத்த தெருப் பள்ளியில் பாங்கு தொடங்கிவிட்டது. அது முடிய, கடற்கரைப் பள்ளி. எங்கள் ஊரில் பள்ளிகளுக்கா பஞ்சம்? அவன் அசையவில்லை. பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் ஓடியது. தொடை நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அவன் கயிற்றை இழுத்தபோது மண்டபம் அதிர்ந்தது. கொழும்புக்காரர்கள் அப்போதே கேட்டுவிட்டார்கள். சபீக் வாப்பாவின் பள்ளிப் பக்கம் கையைக் காட்டினான்.

தொழுகை முடிந்து வெளியே வந்த வாப்பாவிடம் யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பயந்து பயந்து அவன் வீட்டுக்குப் போனோம். அவர் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒத்தக் கால்லயா நிண்ட?"

"ஓம் வாப்பா."

"தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கெதியாச் சொல்லி முடிச்சிருப்பனே..."

பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, "இவன்ட காலுக்கு எண்ணெயச் சுட வெச்சிக் குடு புள்ள. கொழும்புக்குப் போகணும்" என்றார்.

இன்று அவன் பேர்போன கலைஞன். எத்தனையோ நாடுகள். அந்தக் கரைவலையை இன்னும் இழுக்கிறான், நடுவில் அப்படியே நிற்கவும் செய்கிறான். அது உழைப்பவனின் துயரம் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு அவனுக்கு போன் எடுத்தேன்.
"அங்க பாங்கும் இல்லயே மச்சான். எப்ப இழுக்கிறண்டு எப்பிடித் தெரியும்?"

"வாப்பாட பாங்க மனசுக்குள்ள சொல்லுவன். அது முடிஞ்சாத்தான் இழுப்பன்."

வாப்பா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் பள்ளியில் இப்போது ஓர் இளம் மோதினார். நல்ல குரல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.
கொஞ்சம் கெதியாகச் சொல்லி முடித்துவிடுகிறார்.