அவித்த நெல்லுக்குள் போன இசைத்தட்டுகள்

அவித்த நெல்லின் வாசத்தை யாராவது புகழ்ந்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சூட்டில்தான் என் இசைத்தட்டுகள் அத்தனையும் நாசமாய்ப் போயின.

ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர். பெங்களூர் ஓட்டலில் வேலை பார்த்த சித்தப்பா, அங்கே காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து பழசென்று கழித்த தட்டுகளை எனக்கென்று கொண்டுவருவார். பக்கத்துக்கு ஒரே பாட்டுள்ள சின்னத் தட்டுகள். பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அந்த இசைக்கு 'ஃபங்க்', 'சோல்' என்ற பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்தவை. ஒருத்தி அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடுவாள், களை எடுத்த அலுப்பெல்லாம் எனக்குப் போய்விடும், அவ்வளவுதான் அப்போது தெரியும். நடுவில் பெரிய ஓட்டையுள்ள அவை எங்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் நிற்காது என்பதால், அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக நறுக்கிச் செருகி ஓட்டுவேன். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்று அண்ணன் கரித்துக்கொட்டுவான். ஒரு தட்டைக்கூட அவன் உட்கார்ந்து கேட்டதில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தபோது, ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டவர்களில் அவனும் ஒருவன். படித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்தவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. போலீஸ் தேடியதும் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டான். ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் எங்கள் தெருவில் நுழைந்தது. எதிர் வீட்டு ரேடியோவைப் போலீஸ்காரர்கள் தூக்கிப்போவதைப் பார்த்த அம்மா, என் தட்டுகளை வாரிக்கொண்டு பின்பக்கம் ஓடி, அப்போதுதான் அண்டாவிலிருந்து கொட்டிய நெல்லுக்குள் புதைத்தாள். "கொதிக்கிற நெல்லுல எவன் கைய வுடுவான்?" என்றாள். எவனும் விடவில்லைதான். ஜீப் போனபின் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தது. "உனக்கோசரம்தானடி ஒளிச்சேன்" என்று அழுதவளை எப்படித் திட்டுவது? எல்லாவற்றையும் பரணில் போட்டேன்.

அண்ணனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது, என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். போன மாதம் கள்ளக்குறிச்சியில் அவன் கட்டிய புது வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பரணில் போட்ட என் தட்டுகளில் ஒன்று. "நான் சேத்து வச்சதுங்க. போராட்டத்தப்ப போலீசு நாசம் பண்ணிட்டாங்க" என்று விருந்தாளிகளிடம் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரம் வெட்டியதற்கு வேலை கிடைத்தது, பேரும் கிடைத்தது, அதுவும் போதாமல் என் தட்டும் வேண்டுமாம்.

சட்டத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினேன். நடுவில் என் செருப்பு ரப்பர். நெளிவுக்குள் அழுந்திய ஒரு நெல்.

"ண்ணா, போலீசு நாசம் பண்ண தட்டுல நெல்லு எப்புடி வந்துச்சு? சொல்லு, அவங்களும் கேக்கட்டும்."

காப்பி என்ன ஆயிற்று என்று பார்க்க அவன் உள்ளே போய்விட்டான்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியில் ஒரு புளியமரம்கூட இல்லை. ஊரில் இப்போது யாரும் வீட்டில் நெல் அவிப்பதுமில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தத் தட்டு இனிப் பாடாது. பாடாவிட்டாலும் என்னுடையது.