ஏழு வீட்டுச் சாவி

சாவி வைத்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஏழு வீட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். பேன்ட் தானாக இறங்கும். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், வரிசை வீடுகளான எங்கள் லைனில் காலையிலேயே எல்லோரும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ரிட்டயர் ஆன நான் ஒருவன்தான் பகலில் மிச்சம். முதலில் பக்கத்து வீட்டு ஜெனிஃபர், "சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க அங்கிள்" என்று போகிற போக்கில் சாவியைக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு வீடாகச் சேர்ந்துவிட்டது. காலையில் கொடுத்துவிட்டுப் போய், சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

அதே ரயிலில் வேலைக்குப் போகிற என் மனைவி கமலாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "எவ ஊட்லயாச்சும் ஒரு சாமான் காணாம போவட்டும், அன்னிக்குத் தெரியும் உங்க பேரு இன்னா ஆவுதுன்னு" என்பாள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் நம்பி ஒருவர் சாவியைக் கையில் வைக்கும்போது வருகிற சந்தோஷத்தை விட மனசு வரவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் மாட்டியிருப்பார். அது நீங்களே என்றால், வாருங்கள், கை கொடுங்கள்.

தண்ணீர் ஷிஃப்ட்

எங்கள் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்துவிட்டால் ஏழு வீட்டையும் திறந்து ஏழு டிரம்மையும் ரொப்ப வேண்டும். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும் எங்கள் ஊரில் எல்லா வேலைக்கும் ஷிஃப்ட் என்றுதான் பெயர்; இது என் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

ஒரு நாள் கடைசி வீட்டு தாஸ் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, நடுவில் வந்த போனில் பேசிக்கொண்டே மறந்து போனேன். திரும்பிப் போனால் சமையலறை முழுக்கத் தண்ணீர், அதில் அவர் செருப்பு மிதக்கிறது. சாயந்திரம் வரை துடைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக வாசலிலேயே நின்றேன். தாஸ் உள்ளே போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கிறிஸ்மஸுக்கு வீடு கழுவணும்னு என் ஊட்டுக்காரி சொல்லிக்கினே இருந்தா. வுடுங்கண்ணே, அந்த வேலை முடிஞ்சிது."

பார்சல்

ஆன்லைனில் எது வாங்கினாலும் எல்லோரும் என் போன் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள். ஓடிபி எனக்கு வரும், பார்சலும் எனக்கு வரும். சேலை, வளையல், முகத்துக்குப் போடுகிற கிரீம் எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். இதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று விட்டுவிட்டேன். புதிதாக வந்த டெலிவரிக்காரர் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "சார், போன வாரம் வாங்கன நைட்டி சைஸ் சரியா இருந்துதா? இல்லன்னா ரிட்டன் போட்டுடுங்க."

வெளியே நின்றது

ஒரு காலை, எல்லோரும் சாவி கொடுத்துவிட்டுப் போனதுமே தண்ணீர் வந்துவிட்டது. நான் ஜெனிஃபர் வீட்டுப் பின்கட்டில் இருந்தேன். கடைசி நிமிஷத்தில் ஓடியே ரயில் பிடிக்கிற கமலா, நான் பால் வாங்கப் போயிருக்கிறேன் என்று நினைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் சாவியும் போனும் உள்ளே. பாக்கெட்டில் ஏழு வீட்டுச் சாவி இருக்கிறது, என் வீட்டுக்குள் போக வழியில்லை.

அன்றைக்கு முழுக்க ஜெனிஃபர் வீட்டில்தான். அவள் வைத்திருந்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டு, சோபாவில் ஒரு தூக்கம் போட்டேன். தின்ற சோற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே. மழை வந்தபோது கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்து பீரோவில் அடுக்கினேன். சாயந்திரம் ரயில் இறங்கி வந்த கமலா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை: "ஊரு சாவியெல்லாம் வச்சிக்கினு கீறவரு வெளிய நிப்பாருன்னு நான் இன்னா கனவா கண்டேன்?"

செயின்

மறுநாள் காலை ஆறு சாவிதான் வந்தது. ஜெனிஃபருக்குப் பதில் அவள் கணவன் வந்தான். "அங்கிள், ஜெனி செயின் காணோம். நேத்து எங்கயாச்சும் பாத்தீங்களா?" மரியாதையாகத்தான் கேட்டான். பார்க்கவே இல்லை என்று நான்தான் மூன்று தடவை சொன்னேன். முந்தின நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தானே.

கமலா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. சாயந்திரம் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஆறு சாவியையும் மேஜைமேல் எடுத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிஃபர் வந்தாள். கழுத்தில் செயின் இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றும்போது கம்பளியில் சிக்கிய செயினோடு அதைக் கொடியில் போட்டிருக்கிறாள். நான் அப்படியே மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். "துணி நல்லா மடிக்கிறீங்க அங்கிள். அடுத்த வாட்டி மட்டும் ஒரு ஒதறு ஒதறிட்டு மடிங்க" என்றபடி தன் சாவியை அந்த ஆறோடு வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கமலா எழுந்து உள்ளே போய், என்னிடம் இருந்த எங்கள் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்: "இத்த நீ வச்சிக்கோமா. இந்த மனுஷன் மறுபடி வெளிய நிப்பாரு."

ஜெனிஃபரும் தினமும் அதே ரயிலில்தான் போகிறாள் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஆக, லைன் வீட்டுச் சாவியெல்லாம் என்னிடம், என் வீட்டுச் சாவி ரெண்டும் பெங்களூரில், எனக்கு ஒரு குறையும் இல்லை.