கயிறு கட்டிய இடத்தில் பருத்தி

எங்கள் ஊரில் பருத்தி வராது என்று பெரியவாப்பா சொன்னார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கொட்டைகளை நான் தெருவிலேயே போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காலாண்டு விடுமுறை. எதிர்வீட்டில் மாட்டுக்கு ஊறப்போட ஒரு சாக்குப் பருத்திக்கொட்டை வாங்கி இறக்கினார்கள். சாக்கின் ஓட்டை வழியாகச் சிந்தியதில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். மேலே பஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த, எலிக்குஞ்சு மாதிரியான கொட்டைகள். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவாப்பா, என் வாப்பாவின் அண்ணன், என் கையைப் பிரித்துப் பார்த்தார்.

"இத வச்சு என்னட்டி செய்யப் போற?"

"செடி போடப் போறேன்."

"நம்மூருல பருத்தி வராதுட்டி. குத்தாலத்துச் சாரல்ல அழுகிப் போவும். அது திருவேங்கடம் பக்கம் கரிசக்காட்டுல வருத பயிரு. போயி மாட்டுக்கே போடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் எங்கள் வீட்டுக் கொடியில் துணி மூன்று நாளைக்குக் காயாது. ஆனால் சாரல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொன்னால் வாயாடி என்பார். சொல்லாமல் புறவாசலுக்குப் போய், கிணற்றுக்குப் பக்கத்தில் குச்சியால் குழி தோண்டி, எல்லாவற்றையும் புதைத்தேன்.

எங்கள் வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. முன்பாதியில் பெரியவாப்பாவும் பெரியம்மாவும். பின்பாதியில் உம்மாவும் நானும். வாப்பா சவூதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டுக்குப் பின்னால் இருந்த புறவாசல் இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று பேச்சு. அங்கேதான் கிணறு, துவைக்கிற கல், பின்பக்கத்துச் சந்துக்குத் திறக்கிற தகரக் கதவு எல்லாம் இருந்தன. உம்மாவுக்கு அந்தக் கதவுதான் வாசல். கடைக்குப் போவதும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அது வழியாகத்தான். முன்வாசலில் பெரியவாப்பாவைத் தேடி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள்.

உம்மா அவர் முன்னால் நின்று பேசியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, "பெரியவாப்பாகிட்ட சொல்லுட்டி" என்று என்னிடம் ஆரம்பிப்பாள். அவர் நாலடி தூரத்தில்தான் இருப்பார். எல்லாம் காதில் விழும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் வரும். பதிலும் எனக்குத்தான் வரும்.

எட்டுச் செடி முளைத்தது. கோழி கிளறாமல் இருக்க முள் வெட்டி வைத்தேன். தறி ஓடுகிற தெருவில் பிறந்து வளர்ந்தும் எங்களில் ஒருவரும் பருத்திச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெண்டைக்காய்ச் செடி என்றே சொன்னார்கள். நான் சண்டைக்குப் போனேன்.

செடி என் முழங்கால் உயரம் வந்தபோது பெரியவாப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழப்பாவூர்க்காரர். இரண்டு பேரும் புறவாசலை அடிக்கணக்கில் அளந்து, நான்கு முளை அடித்து, வெள்ளைக் கயிறு கட்டினார்கள். பெரியவாப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை இருந்தது. சரக்கு வைக்க ஒரு குடோன் கட்டப் போகிறாராம். கயிறு கிணற்றையும் உள்ளே வைத்து, தகரக் கதவு வரைக்கும் போனது. என் எட்டுச் செடியும் கயிற்றுக்குள்தான் நின்றன.

"ஒங்களுக்குப் போக வர ரெண்டடி சந்து விடுதேன். தண்ணி முன்னால வந்து புடிச்சிக்கிடலாம். ஒங்க உம்மாகிட்ட சொல்லுட்டி" என்றார்.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பெரியவாப்பாகிட்ட சொல்லுட்டி. அந்தச் செடி பள்ளிக்கூடத்துல வளக்கச் சொன்ன செடி. டீச்சர் வந்து பாப்பாங்க. அதுக்கு மார்க்கு இருக்கு."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அப்படி எந்த டீச்சரும் சொல்லவில்லை. பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்க்கிற உம்மா, என் செடிக்காகப் பொய் சொல்கிறாள்! அந்தப் பொய்யை என் வாயாலேயே திருப்பிச் சொல்லும்போது எனக்கு வந்த சந்தோஷம், பின்னாளில் நிஜமாகவே மார்க் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

"செடிக்கெல்லாமா மார்க்கு" என்று பெரியவாப்பா சலித்துக்கொண்டார். மழைக்காலம் வேறு. தை பிறந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உம்மா புறவாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து குழி போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் கேட்டு ஒரு ஓலைக் கொட்டான் நிறையப் பருத்திக்கொட்டை வாங்கி வந்திருந்தாள். கயிறு எப்படிப் போனதோ அப்படியே, கயிற்றுக்கு அடியிலேயே, சாண் விட்டுச் சாண் ஊன்றினாள். கிணற்றைச் சுற்றி ஒரு வரிசை. கதவுக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"ஒனக்குப் பிரியம்லா?"

உம்மாவுக்கும் பருத்திப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். என்னிடமிருந்துதான் ஒட்டியது என்று பெருமை வேறு.

அரையாண்டு விடுமுறையில் முதல் பூ வந்தது. வெளிறிய மஞ்சள். மறுநாள் காலையில் அது சிவந்து சுருங்கிக் கிடந்தது. நான்தான் தொட்டுக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். இரண்டு நாளில் பூ உதிர்ந்து, அந்த இடத்தில் ஒரு பிஞ்சு இருந்தது. வெள்ளிக்கிழமை போனில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். உம்மா போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் வெகுநேரம் பேசினாள். பேசிவிட்டு வெளியே வரும்போது முகம் கடுகடுவென்று இருக்கும். நேராகப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

தை பிறந்தது. ஒரு காலைநேரம் பின்சந்தில் ஒரு வண்டி மணல் வந்து இறங்கியது. கொத்தனாரும் இரண்டு ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். நான் யூனிபாரம் போட்டிருந்தேன். பையை அங்கேயே எறிந்துவிட்டு ஓடி, என் எட்டுச் செடிக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காய்கள் பச்சையாக, கெட்டியாக, என் காது உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, எந்தி" என்றார் பெரியவாப்பா.

"மாட்டேன்."

"எந்திங்கேன்லா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது."

"நீங்க பருத்தி வராதுன்னு சொன்னீய. வந்திருக்கு. வெட்ட விட மாட்டேன்."

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. பெரியவாப்பாவின் முகம் சிவந்தது. என் கையைப் பிடித்துத் தூக்க வந்தார். நான் ஒரு செடியின் தூரைப் பிடித்துக்கொண்டேன். அது வேரோடு என் கையில் வந்துவிட்டது. அப்போதுதான் அடுப்படிக் கதவு திறந்தது.

உம்மா கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. படி இறங்கி, அத்தனை ஆண்களுக்கும் முன்னால், முளை அடித்திருந்த இடத்துக்கு வந்து நின்றாள். வழக்கம்போல என்னைக் கூப்பிடப் போகிறாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

"புள்ள மேல இருந்து கைய எடுங்க" என்றாள், பெரியவாப்பாவைப் பார்த்து.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"இங்கன நிக்கது பூரா நான் வச்ச செடி. நான் தண்ணி ஊத்துன செடி. ஒங்க தம்பி பங்குனியில வாராங்க. வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து பேசி, எது யாருக்குன்னு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இங்கன ஒரு கல்லு எறங்கக் கூடாது."

"நான் பெரியவன் சொல்லுதேன்…"

"பெரியவுகதான். இல்லேங்கல. அதான் நேரா வந்து சொல்லுதேன்."

பெரியவாப்பா கொத்தனாரைப் பார்த்தார். அவர் மண்வெட்டியைக் கிணற்றுச் சுவரில் சாய்த்துவிட்டார். "காய் புடிச்சிருக்கு, பச்சப்புள்ள வேற உக்காந்திருக்கு. நீங்க ஒங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குப் பண்பொழியில வேல கெடக்கு" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு மண் ஒட்டிய யூனிபாரத்தோடு போனேன். கேட்டவர்களிடமெல்லாம், பெரியவாப்பாவை நான் ஜெயித்த கதையைச் சொன்னேன். உம்மா எனக்குத் துணைக்கு வந்தாள் என்பதையும் மறக்காமல் சொன்னேன்.

மாசியில் காய்கள் வெடித்தன. அவ்வளவு வெள்ளையை எங்கள் புறவாசல் அதற்குமுன் கண்டதில்லை. பங்குனியில் வாப்பா வந்தார். பருத்தியை ஓடிவந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் அண்ணனோடும் ஜமாஅத்துப் பெரியவர்கள் இருவரோடும் நாள்முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பெரியவர்களில் ஒருவர் புறவாசலுக்கு வந்து, "இந்த இடம் இப்ப யாரு அனுபவத்துல இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கயிறு நெடுக நின்ற செடிகளை அவரே பார்த்துக்கொண்டார். கடைசியில் புறவாசலைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். கிணறு பொது. தகரக் கதவு எங்களுக்கு. பெரியவாப்பா தன் பாதியில் சின்னதாக ஒரு குடோன் கட்டிக்கொண்டார். அவர் உம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று பெரியம்மா தெருவெல்லாம் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவர் எப்போது பேசினார், நிறுத்துவதற்கு?

வாப்பா திரும்பிப் போன மறுவாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். உம்மா பருத்திச் செடிகளை ஒவ்வொன்றாக வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போட இடம் வேண்டுமாம். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மண்வெட்டிக்குக் குறுக்கே நின்றேன். பெரியவாப்பாவிடம் செய்த எல்லாவற்றையும் அவளிடமும் செய்தேன். அவள் என்னை ஒரு கையால் நகர்த்திவிட்டு அடுத்த செடிக்குப் போனாள்.

"இந்தச் செடிக்காகத்தானே பொய் சொன்ன? இதுக்காகத்தானே எல்லார் முன்னாலயும் வந்து சண்ட போட்ட? இப்ப நீயே வெட்டுத?" என்று கத்தினேன்.

உம்மா நிமிர்ந்தாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"செடிக்காகவா?" என்றாள்.

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னும் பலமாகக் கத்தினேன்:

"ஆமா, செடிக்காகத்தான்!"