செவுளைத் திறந்து காட்டுபவர்

தானே குளத்தில் பிடித்த மீனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிவந்து, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் வீடு வீடாக விற்பார் அவர். கால்கள் வீங்கியிருக்கும், மேடேறினால் மூச்சு வாங்கும். யாரும் கேட்காவிட்டாலும், மீன் புதியதுதான் என்று செவுளைத் திறந்து காட்டிய பிறகுதான் மீனை நிறுப்பார்.

நான் அப்போது காப்புறுதி முகவர். நோய்க் காப்புறுதிக்கு அவருடைய படிவத்தை நிரப்பும்போது, “ஏதாவது வருத்தம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருதயம் பழுதுன்னு டாக்டர் சொன்னாருங்க.”

“அத எழுதினா உங்கள சேர்க்க மாட்டாங்க. இல்லைன்னு போட்டுருவோம்.”

“பின்னாடி தெரிஞ்சா ஒண்ணும் தர மாட்டாங்களே. உள்ளத எழுதுங்கய்யா.”

எனக்கு அந்த மாதம் இன்னும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ‘இல்லை’ என்றே எழுதினேன். வாசிக்கத் தெரியாத அவர் கைநாட்டு வைத்தார்.

அடுத்த வாரம் எனக்கென்று ஒரு மீன் கொண்டுவந்தார். செவுளை விரித்து, “பாருங்கய்யா” என்று நீட்டினார். நான் பார்க்காமலே வாங்கிக்கொண்டேன்.